மூரிங் வின்ச் பிரேக் நழுவுகிறது, லைனிங்கில் குறை தெரியவில்லை: என்ன பார்க்கலாம்?

புது தேர்டு மேட்:
வணக்கம். பல்க் கேரியரில் தேர்டு ஆபீசராக இருக்கிறேன். ஹூஸ்டன் கப்பல் கால்வாயில் ஒரு பெர்த்தில் கட்டியிருக்கிறோம். கால்வாய் குறுகல். பெரிய டேங்கர் கடந்து போகும்போதெல்லாம் தண்ணீர் இழுத்து, கப்பல் முன்னும் பின்னும் போய்வருகிறது. அப்போதெல்லாம் முன்பக்க ஸ்பிரிங் லைன் (கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கயிறு) ஒன்றைச் சுற்றிவைத்திருக்கும் மூரிங் வின்ச் டிரம்மின் பிரேக் பிடிப்பதில்லை. டிரம் விட்டுவிட்டு நழுவுகிறது, அதைச் சுற்றிப் பிடிக்கும் பிரேக் பேண்டிலிருந்து கருகல் வாசனை வருகிறது. அதே வின்ச்சில் பக்கத்து டிரம் அசைவதே இல்லை. இரண்டிலும் ஒரே அளவு கயிறு, எம்பிஎல் (கயிறு அறுவதற்கான குறைந்தபட்சச் சுமை) 64 டன்.

பேண்டின் உள்பக்க உராய்வுப் பட்டையான லைனிங்கைப் பார்த்தேன், தேயவில்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை. எங்கள் போசன் (டெக் ஆட்களின் தலைவர்) பிரேக் ஹேண்டிலில் ஒரு பைப்பைச் செருகி இரண்டு பேராக இறுக்கலாம் என்கிறார். இன்னொருவர் பிரேக்கோடு கியரிலும் போட்டுவிடு என்கிறார். இதில் எது சரி?

பழைய போசன்:
இரண்டும் வேண்டாம் தம்பி.

பைப் போட்டு இறுக்கினால் ஸ்பிண்டில் (ஹேண்டிலோடு சுற்றும் திருகுத் தண்டு) வளையும், இல்லையென்றால் அதன் முளை (பின்) முறியும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த பிரேக் ஓர் அளவுக்கு மேல் நழுவ வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். கயிற்றின் எம்பிஎல்லில் 60 சதவீதம் வந்ததும் டிரம் விட்டுக்கொடுக்கும், கயிறு பிழைக்கும். உங்கள் கணக்கில் அது ஏறத்தாழ 38 டன். பைப் போட்டு அதைத் தாண்டி இறுக்கினால் அடுத்த டேங்கர் கடக்கும்போது அறுவது கயிறாக இருக்கும்.

கியரில் போட்டால் பிரேக் விட்டதும் மொத்த இழுவையும் கியர் பல்லுக்கும் ஹைட்ராலிக் மோட்டாருக்கும் போகும். கட்டி முடித்த பிறகு பிரேக் போட்டு, கிளட்சை எடுத்து, அதன் பூட்டு முளையை (பின்) போட்டுவிட வேண்டும்.

இது 38 டன்னுக்கு முன்பே நழுவுகிறதா, அதற்கு மேல் வந்துதான் நழுவுகிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்து டிரம் அசையவில்லை என்கிறீர்கள். அப்படியானால் முன்பே நழுவுகிறது என்றுதான் தோன்றுகிறது.

டெக் ஃபிட்டர்:
ஹேண்டில் இறுகுவதும் பேண்ட் இறுகுவதும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பிண்டில் மரை காய்ந்து துருப்பிடித்திருந்தால், கைக்கு நன்றாக இறுகியதுபோல் இருக்கும், பேண்டுக்குப் பாதி விசைகூடப் போயிருக்காது. நட் மரையின் கடைசிக்கு வந்துவிட்டாலும் இதே கதைதான். இறுக்கிய நிலையில் இன்னும் எவ்வளவு மரை மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். பேண்டைத் தாங்கும் அடி போல்ட்டின் இடைவெளியையும் பாருங்கள்.

மரைக்கு கிரீஸ் போடலாம். கிரீஸ் கையோடு லைனிங்கைத் தொடாதீர்கள். பழைய கப்பல் என்றால் லைனிங்கை உரசவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம். கப்பல்களில் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்துவதை சோலாஸ் (கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) முழுவதுமாகத் தடுத்தது 2011 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் போட்ட லைனிங்கில் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

புது தேர்டு மேட்:
நன்றி அண்ணா. மரை நிறைய மிச்சம் இருக்கிறது, கிரீஸும் இருக்கிறது. அடி போல்ட் இரண்டு டிரம்மிலும் ஒரே மாதிரிதான். எங்கள் போசனிடம் 60 சதவீதக் கணக்கைச் சொன்னேன், பைப்பை எடுத்து வைத்துவிட்டார். ஒரு விஷயம் எழுத விட்டுப்போனது. இங்கே வருவதற்கு முன்னால் நங்கூரத்தில் இருந்தபோது இந்த டிரம்மில் மட்டும் புதுக் கயிறு மாற்றினார்கள்.

டேங்கர் சீஃப் மேட்:
அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். போய்ப் பாருங்கள்: பக்கத்து டிரம்மில் கயிறு டிரம்மின் மேலிருந்து கிளம்புகிறதா, கீழிருந்தா? உங்கள் டிரம்மில்?

புது தேர்டு மேட்:
பக்கத்து டிரம்மில் மேலிருந்து. என்னுடையதில் கீழிருந்து! டிரம் பக்கவாட்டில் அம்புக்குறி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். நாலைந்து கோட் பெயின்ட்டுக்கு அடியில் வெல்ட் போட்ட அம்பு ஒன்று விரலுக்குத் தட்டுப்படுகிறது.

டேங்கர் சீஃப் மேட்:
கயிற்றைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறார்கள்.

பேண்ட் பிரேக்கின் ஒரு முனை வின்ச்சின் அடித்தளத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை உங்கள் ஹேண்டில் திருகில். கயிறு இழுக்கும்போது டிரம் சுற்றப் பார்க்கும், பேண்டையும் கூடவே இழுக்கும். அந்த இழுப்பு நிலையான முனையில் விழுந்தால், இழுக்க இழுக்க பேண்ட் தானே டிரம்மைக் கவ்விக்கொள்ளும். கயிறு மாறிச் சுற்றியிருந்தால் அதே இழுப்பு திருகு முனையில் விழுகிறது. கவ்வுவதற்குப் பதில் தளர்கிறது. பிடிக்கும் திறன் பாதி வரைகூடக் குறையும். லைனிங் மேல் பழி போட்டு எத்தனையோ பேர் பேண்டையே மாற்றியிருக்கிறார்கள்.

ஸ்பிளிட் டிரம்மா (கயிற்றைச் சேமிக்கும் பக்கம், இழுவை தாங்கும் டென்ஷன் பக்கம் என்று இரண்டாகப் பிரித்தது)? அப்படியானால் டென்ஷன் பக்கத்தில் ஒரே அடுக்குதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். 600 மி.மீ. டிரம்மில் 60 மி.மீ. கயிறு என்றால் முதல் அடுக்கில் இழுவையின் ஆரம் 330 மி.மீ. மூன்றாவது அடுக்கில் ஏறத்தாழ 450. பிரேக் அதேதான், ஆனால் கயிற்றைப் பிடிக்கும் விசை நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும்.

இப்போது பெர்த்தில் வைத்துச் சுற்றி மாற்றப் போகாதீர்கள். இன்னொரு ஸ்பிரிங் லைனை வெளியே கொடுத்து பிட்ஸில் (டெக்கில் இருக்கும் இரட்டைக் கட்டுத் தூண்) கட்டுங்கள். இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கட்டும், ஒன்று தொய்ந்து கிடந்தால் பயனில்லை. உங்கள் சீஃப் மேட்டிடம் சொல்லி டெர்மினலுக்கும் தகவல் கொடுங்கள். கப்பல் கடக்கும்போது முன் டெக்கில் வேலை இல்லாத ஒருவரும் நிற்கக் கூடாது.

பழைய போசன்:
கடைசி வரிக்கு ஒரு துணை. சில கப்பல்களில் மஞ்சள் பெயின்ட்டில் வட்டம் போட்டு, அதற்கு வெளியே நின்றால் பத்திரம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2015 மார்ச்சில் வேல்ஸின் மில்ஃபர்ட் ஹேவனில் சார்கா என்ற எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்து திரும்பி அடித்து, ஓர் ஆபீசருக்குத் தலையில் பலத்த காயம். அது எச்எம்பிஇ என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு. அந்த ரகம் நீளாது, அதனால் திரும்பி அடிக்காது என்று பேச்சு இருந்தது. ஆனால் முனையில் மாட்டும் டெயில் என்ற துண்டுக் கயிறு நீளும், அந்த விசை முழுக் கயிற்றுக்கும் வரும். ரோலரைச் சுற்றித் திரும்பும் கயிறு என்றால் எந்தப் பக்கம் வீசும் என்று கோடு போட்டுக் காட்டவே முடியாது. கயிறு இறுகியிருக்கிறதா, டெக் முழுவதும் ஆபத்துதான்.

விசைப்படகுக்காரர்:
குறுக்கே ஒரு கேள்வி. நாங்கள் தூத்துக்குடியில் இழுவை மடிப் படகு. வின்ச் மெயின் எஞ்சினிலிருந்து ஓடுவது, அதிலும் பேண்ட் பிரேக்தான். வயர் மாற்றிய பிறகு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கவில்லை. அதுவும் இதே காரணமாக இருக்குமா?

டெக் ஃபிட்டர்:
இருக்கலாம் அண்ணாச்சி, தத்துவம் ஒன்றுதான். கரையில் இருக்கும்போது நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயர் சரியான பக்கத்திலிருந்து வந்தும் பிடிக்கவில்லை என்றால் ஈரமும் துருவும் காரணமாக இருக்கும். சுமையே இல்லாமல், பிரேக்கை லேசாகத் தொட்டபடி டிரம்மைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் துரு உதிர்ந்து லைனிங் காயும். ஓட்டும்போது லுங்கியோடு யாரும் பக்கத்தில் போக வேண்டாம்.

புது தேர்டு மேட்:
நிலவரம் சொல்கிறேன். கூடுதல் ஸ்பிரிங் கொடுத்த பிறகு பெர்த்தில் பிரச்சினை வரவில்லை. நங்கூரத்துக்கு வந்து கயிற்றை முழுவதும் வெளியே எடுத்து அம்புத் திசையில் திரும்பச் சுற்றினோம். டென்ஷன் பக்கம் ஒரே அடுக்கு. எங்கள் சீஃப் மேட் இனி ஹைட்ராலிக் ஜாக்கால் டிரம்மைத் தள்ளி, எந்த இழுவையில் நழுவுகிறது என்று பிரேக் டெஸ்ட் செய்தால்தான் இந்த டிரம்மைப் பயன்படுத்தலாம் என்கிறார். ஜாக் கிட் கப்பலில் இருக்கிறது. எந்த பிரஷருக்கு ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்த தகடு அழிந்துபோயிருக்கிறது.

டேங்கர் சீஃப் மேட்:
அவர் சொல்வது சரி. வருடத்துக்கு ஒருமுறை செய்வது தனி. இப்படி நழுவிப் புகைந்த பிறகும் செய்தே ஆக வேண்டும். மூரிங் சாதனங்களின் பராமரிப்புக்கும் சோதனைக்கும் பதிவு வைக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி 1 முதல் பழைய கப்பல்களுக்கும் சேர்த்து சோலாஸ் விதி. கயிறு மாற்றிய தேதியையும் அதிலேயே எழுதுங்கள்.

பிரஷர் வின்ச் மேனுவலில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். சரிபார்க்க மட்டும் கணக்கு சொல்கிறேன். 38.4 டன்னை 0.33 மீட்டரால் பெருக்கினால் 12.7 டன்-மீட்டர். ஜாக் வைக்கும் இடம் டிரம் மையத்திலிருந்து 0.9 மீட்டர் என்றால் ஜாக் கொடுக்க வேண்டியது 14 டன் சொச்சம். ஜாக்கின் ராம் (தள்ளும் தண்டு) பரப்பு 30 சதுர செ.மீ. என்றால் சுமார் 460 பார். உங்கள் டிரம்மையும் ஜாக்கையும் அளந்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கும் மேனுவலும் பெரிதாக முரண்பட்டால் டெஸ்ட்டை நிறுத்திவிட்டு அலுவலகத்தைக் கேளுங்கள்.

டிரம்முக்கும் பேண்டுக்கும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஏற்றுங்கள். கோடு எந்த பிரஷரில் பிரிகிறதோ அதுதான் உங்கள் பிரேக் நழுவும் இடம். குறைவாக இருந்தால் ஹேண்டிலைக் கொஞ்சம் இறுக்கி மறுபடியும். கூடுதலாக இருந்தால் தளர்த்தி மறுபடியும். சரியான இடம் வந்ததும் டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) எவ்வளவு வந்தது என்று குறித்து, பிரேக் பக்கத்திலேயே ஒரு தகட்டில் எழுதி மாட்டுங்கள். போசன் மாறினாலும் அடுத்தவர் அதே அளவுக்கு இறுக்க வேண்டும்.

டெக் ஃபிட்டர்:
ஜாக்கை ஏற்றும்போது அதற்கு நேராக நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று பம்ப் அடியுங்கள். அப்புறம் அந்த அம்பு. பெயின்ட்டைச் சுரண்டி, அம்பை வேறு நிறத்தில் அடித்துவிடுங்கள். மற்ற டிரம்களிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

புது தேர்டு மேட்:
பார்த்தாயிற்று. பின்பக்கம் ஒரு பிரெஸ்ட் லைன் (கப்பல் கரையை விட்டு விலகாமல் பிடிக்கும் கயிறு) டிரம்மும் தலைகீழாகத்தான் சுற்றியிருக்கிறது. நாளைக்கு அதையும் எடுக்கிறோம்.