ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் அழுத்தம் எங்கே வரும்? அவசரம்

பட்டர்வொர்த் அம்மா: வணக்கம். பையனின் பயிற்சித்தாளில் அழுத்தம் வரும் அசைக்குக் கோடு போட வேண்டுமாம். பாதிக்கு மேல் தப்பு. நாளைக்குத் திருத்திக் கொடுக்கணும், விதி என்ன?

செந்தூல் வாசகி: எந்தச் சொற்கள் அக்கா? எந்தப் படிவம், அதாவது இடைநிலைப்பள்ளியில் எந்த வகுப்பு? அவன் எங்கே கோடு போட்டான்?

ஜெலுத்தோங் அண்ணன்: சேர்த்து எழுதினால் முதல் சொல், பிரித்து எழுதினால் இரண்டாவது சொல், அவ்வளவுதான். செடி வளர்க்கும் கிரீன்ஹவுஸில் 'கிரீன்' ஓங்கும். பச்சைச் சாயம் அடித்த வீடு என்றால் 'ஹவுஸ்'.

பழைய உறுப்பினர்: இங்கே பலமுறை பேசியாயிற்று, தேடிவிட்டுக் கேட்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. எழுத்தை வைத்து அழுத்தம் சொல்வது அரைகுறைப் பாடம். பஸ் ஸ்டாப், சுவிம்மிங் பூல் எல்லாம் பிரித்துத்தான் எழுதுகிறோம், ஆனால் ஓங்குவது முதல் சொல். எதனால் செய்தது என்று சொல்லும் சில்க் ஷர்ட் மாதிரியானவற்றில்தான் பெரும்பாலும் இரண்டாவது ஓங்கும். அதிலும் ஆப்பிள் பை (pie) என்ற பலகாரத்தில் 'பை', ஆப்பிள் கேக்கில் 'ஆப்பிள்'. இதற்கு எந்த விதி வைத்திருக்கிறீர்கள்?

ஜெலுத்தோங் அண்ணன்: சரி, விலக்கு உண்டு. நம் ஊரிலேயே பாருங்கள், கேம்பல் ஸ்திரீட்டில் 'கேம்பல்' ஓங்கும், பினாங்கு ரோட்டில் 'ரோடு' ஓங்கும். லண்டன் ஆக்ஸ்ஃபர்ட் ஸ்திரீட்டும் கேம்பல் மாதிரிதான். ஸ்திரீட் மட்டும் அழுத்தத்தை முன்னால் விட்டுக்கொடுக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்: யாருண்ணே அப்படிப் பேசுகிறார்கள்? மலாயில் லெபோ (தெரு) கேம்பல் என்பதுதான் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் சொன்னாலும் இங்கே எல்லா அசையும் ஏறக்குறைய ஒரே நீளம். அது குறையும் இல்லை.

பழைய உறுப்பினர்: குறை என்று யார் சொன்னது? பயிற்சித்தாள் அகராதி உச்சரிப்பைக் கேட்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்: பிள்ளை காதில் கேட்காததற்கு எப்படிக் கோடு போடுவான்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அம்மா: படிவம் இரண்டு. ஹாட்ஹவுஸ், கப்போர்டு, போஸ்ட் ஆபீஸ், இன்னும் சில. எல்லாவற்றிலும் இரண்டாவது சொல்லுக்குப் போட்டிருக்கிறான், அதுதானே முக்கியமான சொல் என்கிறான்.

செந்தூல் வாசகி: அதுதான் அக்கா சிக்கல். போஸ்ட் ஆபீஸ் ஒரு ஆபீஸ்தான், ஆனால் மற்ற ஆபீஸிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது 'போஸ்ட்', அதனால் குரல் அங்கே ஏறும். நீங்கள் சொன்ன மூன்றுமே முதல் பாதிதான். ஹாட்ஹவுஸில் டி ஒரு அசையோடு, எச் அடுத்த அசையோடு, இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்க்கக் கூடாது. கப்போர்டில் 'கப்' முடிவில் எழுதும் பி (p) ஒலிக்காது, பின்பாதி சுருங்கி 'கபட்' என்றே ஆகிவிடும்.

பட்டர்வொர்த் அம்மா: மாற்றிப் போட்டுவிட்டான். நன்றிம்மா.

ஜெலுத்தோங் அண்ணன்: மற்ற சொற்களையும் போடுங்கள், சில்க் ஷர்ட் மாதிரி ஏதாவது இருந்தால் மாட்டிக்கொள்வான்.