நாற்பதைத் தாண்டியதும் வரும் வெண்பொருள் நோய்: எடுத்த எடுப்பில் எக்ஸோமா, முதலில் படமும் ரத்தமுமா?

கத்திரிவெயில்:
விவாதத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பம். சென்னையில் 44 வயதுப் பெண். இரண்டு ஆண்டாகக் குணம் மாறிவிட்டது, கணக்கு வழக்கு தப்புகிறது, வலது கால் தடுக்குகிறது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இரண்டு பக்கமும் வெண்பொருள் (நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி) கெட்டிருக்கிறது. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்) என்று சொல்லி ஸ்டீராய்டு போட்டாகிவிட்டது, பலனில்லை. எம்.எஸ்.ஸில் வழக்கமாகத் தெரியும் ஆலிகோகுளோனல் பட்டைகளும் முதுகுத்தண்டு நீரில் இல்லை. அம்மா 50 வயதில் 'வாதம் வந்து' போய்விட்டார். அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன்.

என் கட்சி: அதே வாரம் எக்ஸோமுக்கு (எல்லா மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளையும் ஒரே சமயத்தில் வாசிக்கும் சோதனை) ரத்தம் அனுப்ப வேண்டும். பெரியவர்களைத் தாக்கும் பரம்பரை வெண்பொருள் நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. சி.எஸ்.எஃப்.1.ஆர்., ஏ.ஏ.ஆர்.எஸ்.2, இ.ஐ.எஃப்.2.பி.யின் ஐந்து துணையலகுகள், ஜி.எஃப்.ஏ.பி., டி.ஏ.ஆர்.எஸ்.2 என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதற்குள் நோயாளி படுத்துவிடுவார். இந்தப் பெண்ணுக்கு என் முதல் சந்தேகம் சி.எஸ்.எஃப்.1.ஆர். ஓங்கு மரபு (கெட்ட பிரதி ஒன்றே நோய்க்குப் போதும்), நாற்பதுகளில் தொடக்கம், குணமாற்றம் முன்னால் நிற்பது எல்லாம் பொருந்துகிறது. 2012இல் மரபணு தெரியவரும்வரை மூளைத் திசுவைப் பார்த்துத்தான் இதை உறுதி செய்ய முடிந்தது. இன்று ஒரு குழாய் ரத்தம் போதும். பிறகு எதற்குச் சுற்றுவழி?

மூளைப்படம்:
சுற்றுவழி எங்கே வந்தது சார்? படம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 'இரு பக்கமும் வெண்பொருள் மாற்றம்' என்று ஒரு வரி எழுதி எக்ஸோம் கேட்டால் ஆய்வகம் எதை வைத்துச் சலிக்கும்?

நீங்கள் சொல்லும் சி.எஸ்.எஃப்.1.ஆரையே எடுப்போம். நெற்றி மடலில் தொடங்கும், ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் மெலிந்திருக்கும். டிஃப்யூஷன் என்ற எம்.ஆர்.ஐ. வகைப் படத்தில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள். பக்கவாதப் புள்ளி என்றால் இரண்டு வாரத்தில் மங்கத் தொடங்கும். இவை மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். ஆகவே பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தது சி.டி. 'எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே, சி.டி. எதுக்கு' என்று கேட்பார்கள். கால்சியப் பொட்டுகளைச் சி.டி.தான் காட்டும். அதுவும் வழக்கமான 5 மி.மீ. துண்டுகளில் தப்பிவிடும். 1 மி.மீ. துண்டுகளாக எடுத்து, நடுக்கோட்டில் நெடுக்குவெட்டாக மாற்றினால், ஓடையைத் தாண்டப் போட்ட கற்கள் மாதிரி கலோசத்தை ஒட்டி வரிசையாகத் தெரியும்.

மற்றவற்றுக்கும் இடம் உண்டு. பொட்டு மடலின் முன்முனையும் எக்ஸ்டெர்னல் கேப்சூல் என்ற ஆழத்து வெண்பொருள் பட்டையும் சேர்ந்து வெளுத்தால் நாட்ச்3, அதாவது காடாசில் என்ற சிறு ரத்தநாள நோய். கலோசத்தின் பின்பகுதியில் தொடங்கி ஓரம் மட்டும் காடோலினியம் என்ற ஊசிச் சாயத்தை வாங்கினால் ஏ.பி.சி.டி.1, அதாவது அட்ரினலையும் தாக்கும் அட்ரினோலியூகோடிஸ்ட்ரோஃபி. முகுளமும் கழுத்துத் தண்டும் சூம்பித் தலைப்பிரட்டை மாதிரி தெரிந்தால் பெரியவர்களுக்கு வரும் அலெக்சாண்டர் நோய், அதாவது ஜி.எஃப்.ஏ.பி. ஃப்ளேர் என்ற எம்.ஆர்.ஐ. வகையில் வெண்பொருள் கரைந்து நீர் மாதிரி கறுத்தால் இ.ஐ.எஃப்.2.பி. அதில் பெண்களுக்கு மாதவிடாய் சீக்கிரமே நின்றிருக்கலாம். ஏ.ஏ.ஆர்.எஸ்.2இலும் அப்படித்தான். 44 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மாதவிடாய் எப்போது நின்றது என்று ஒரு வார்த்தை இல்லையே.

பச்சைமூடிக்குழாய்:
படத்தைப் பற்றி இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே கேள்வி: மருந்து இருக்கிற நோயை முதலில் தேடினீர்களா?

சி.ஒய்.பி.27.ஏ.1 மரபணு கெட்டால் கொலஸ்ட்ராலின் உறவுப்பொருளான கொலஸ்டனால் உடம்பில் சேரும். சாதாரண லிப்பிட் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் நார்மலாகவே இருக்கலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. கேட்க வேண்டியவை: சின்ன வயதில் தீராத வயிற்றுப்போக்கு, இளவயதிலேயே கண்புரை, குதிகாலுக்கு மேலே தசைநாரில் தடிப்பு. சீனோடீஆக்ஸிகோலிக் அமிலம் 250 மி.கி. வீதம் தினம் 3 வேளை; சீக்கிரம் தொடங்கினால் நோய் நிற்கும், தாமதித்தால் போனது திரும்பாது. ஒடுங்கு மரபு நோய் இது; அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் வரும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணம் சுமார் 28 சதவீதம். மாமன் மகள், அக்கா மகள் கட்டும் ஊரில் இதைக் கேட்காமல் நேரே எக்ஸோமுக்குப் போவது சரியில்லை.

ஆரில்சல்ஃபடேஸ் (மெட்டாகுரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபி என்ற வெண்பொருள் நோயில் குறையும் என்ஸைம்) பார்க்கப் பச்சை மூடி ஹெப்பரின் குழாய், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, முடிந்தால் ஒரே நாளில் ஆய்வகம் சேர வேண்டும். மே மாதத்தில் கூரியர்காரர் பைக் பெட்டியில் மதியம் முழுக்கச் சுற்றினால் வெள்ளணு செத்து என்ஸைம் தானாகவே குறையும். அதை நோய் என்று எழுதிவிடுவார்கள். கூடவே வேறொரு என்ஸைமும் அதே மாதிரியில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் குற்றம் வெயிலுடையது.

கத்திரிவெயில்:
உயிர்வேதியியல் என்ன வேதவாக்கா? ஏ.பி.சி.டி.1 கோளாற்றை ஒரு பிரதியில் சுமக்கும் பெண்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு, அந்நோயில் ஏற வேண்டிய மிக நீள் சங்கிலிக் கொழுப்பமிலம் ரத்தத்தில் நார்மலாகவே வரும். ஆரில்சல்ஃபடேஸில் போலிக் குறைபாடு வேறு: என்ஸைம் 5–20 சதவீதம் மட்டும் இருந்தும் ஆள் கல்லு மாதிரி இருப்பார். கடைசியில் இரண்டுக்கும் மரபணுவிடம்தான் வர வேண்டும்.

பச்சைமூடிக்குழாய்:
போலிக் குறைபாட்டைப் பிரிக்கச் சிறுநீரில் சல்ஃபடைடு (அந்த என்ஸைம் சிதைக்க வேண்டிய கொழுப்பு) பார்த்தால் போதும்; உண்மையான நோயில்தான் அது ஏறும். ஏ.பி.சி.டி.1 பெண்கள் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு அதே வகைக் கொழுப்பைச் சுமக்கும் சி26 லைசோபாஸ்ஃபாட்டிடைல்கோலின் அளப்பது மேல். ஆனால் சுமக்கும் பெண்களுக்கு மூளைப் பாதிப்பு அபூர்வம். அங்கே அண்ணன் தம்பி, மகன்களின் அட்ரினல்தான் அவசரம். தோல் கறுத்து, சோர்ந்து போகிறவருக்குக் காலை 8 மணிக்கு அட்ரினல் ஹார்மோனான கார்ட்டிசாலும் அதைத் தூண்டும் ஏ.சி.டி.எச்.சும் பார்க்காமல் விட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே ஆளைச் சாய்த்துவிடும்.

மூளைப்படம்:
'மரபணுவிடம்தான் வர வேண்டும்' என்றால் எக்ஸோமிடம் என்று பொருளில்லை. எக்ஸோம் கண்ணுக்குப் படாதவை இவை.

லாமின் பி1 மரபணு இரட்டிப்பு. எழுத்து ஒன்றும் மாறவில்லை, ஒரு பிரதி கூடுதல், அவ்வளவே. நாற்பது, ஐம்பதுகளில் முதலில் சிறுநீர் அடக்க முடியாமை, எழுந்தால் தலைசுற்றல், மலச்சிக்கல். நடை தள்ளாடுவது பிறகு. பிரதி எண்ணிக்கையை எம்.எல்.பி.ஏ. என்ற தனிச் சோதனை வைத்து எண்ண வேண்டும். எக்ஸோம் தரவிலிருந்து பிரதி எண்ணிக்கை கணிக்கும் ஆய்வகங்கள் உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து நாட்ச்2என்.எல்.சி. மரபணுவில் ஜி.ஜி.சி. என்ற மூன்றெழுத்து அறுபதுக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் நோய், 2019இல்தான் தெரிந்தது. டி.என்.ஏ.வைச் சின்னத் துண்டுகளாக வாசிக்கும் எக்ஸோமில் அது தெரியாது. டிஃப்யூஷனில் புறணிக்கு அடியில் ரிப்பன் மாதிரி வெண்கோடு ஓடினால் திரும்பல்களை எண்ணும் ரிப்பீட் பி.சி.ஆர். கேளுங்கள். எஃப்.எம்.ஆர்.1 (ஃப்ராஜைல் எக்ஸ் மரபணு) இன் 55–200 திரும்பல்களும் இதே கதைதான்.

ஏ.பி.சி.டி.1இன் 7 முதல் 10 வரையிலான எக்ஸான்களுக்கு (மரபணுவின் குறியீட்டுத் துண்டுகள்) வேறு குரோமோசோம்களில் போலி நகல்கள் உண்டு. வாசிப்புத் துண்டு எங்கிருந்து வந்தது என்று மென்பொருள் குழம்பும். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு 'எக்ஸோம் நெகட்டிவ், பரம்பரை நோய் இல்லை' என்று எழுதினால் அது தவறு.

கொடிவழி:
உறவுமுறைத் திருமணம் என்றதும் ஒடுங்கு மரபு, அம்மாவுக்கும் இருந்தது என்றதும் ஓங்கு மரபு என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். கொடிவழியை வரைந்து பாருங்கள். அம்மாவுக்கு ஒடுங்கு நோய் என்றால் பாட்டி கட்டாயம் சுமப்பவர் (ஒரு கெட்ட பிரதி மட்டும் உள்ளவர்). பாட்டியின் தம்பிதான் இங்கே அப்பா. அவரும் சுமப்பவராக இருக்கப் பாதி வாய்ப்பு. அப்படியானால் பிள்ளைக்கு நோய் வர மறுபடி பாதி. ஆகமொத்தம் கால் பங்கு. தலைமுறை தாண்டாமல் இறங்குவதால் ஓங்கு மரபு போலத் தெரியும், ஆனால் இல்லை. கத்திரிவெயில் சார், உங்கள் சி.எஸ்.எஃப்.1.ஆர். ஊகத்தின் ஒரு கால் இதில் ஆடுகிறது.

இன்னொன்று நாட்ச்3. அதன் புரதத்தில் 34 மடிப்பு, ஒவ்வொன்றிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 6. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ எண்ணிக்கை ஒற்றைப்படையாகிக் கோளாறு. ஆனால் தெற்காசியரில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் இப்படிப்பட்ட மாற்றத்தைச் சுமக்கிறார். முதல் ஆறு மடிப்புகளில் விழுந்தால் கடுமை, 7–34இல் விழுந்தால் பெரும்பாலும் லேசு. படம் பொருந்தாத ஒருவரிடம் 20ஆம் மடிப்பு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு 'கிடைத்துவிட்டது' என்று கோப்பை மூடினால் உண்மைக் காரணம் உள்ளேயே கிடக்கும்.

கத்திரிவெயில்:
கொடிவழிக் கணக்கை ஏற்கிறேன். ஆனாலும் வரிசை மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே நாளில் எக்ஸோமுக்கான ஊதா மூடிக் குழாயும் என்ஸைமுக்கான பச்சை மூடிக் குழாயும் சேர்த்து எடுத்தால் என்ன கெட்டுவிடும்? எக்ஸோம் வர வாரக்கணக்கு ஆகும், அதற்குள் கொலஸ்டனால் வந்துவிடும்.

பச்சைமூடிக்குழாய்:
அப்படியானால் சண்டையே இல்லை. படத்தைப் பார்த்து எழுதிய அரைப் பக்கக் குறிப்பும் ஊதா மூடியோடு போக வேண்டும், அவ்வளவுதான். வெள்ளி, சனியில் எடுக்காதீர்கள்.

கொடிவழி:
எடுப்பதற்கு முன் ஒன்று. நோயாளியின் 17 வயது மகளையும் கூட்டி வந்து 'இவளுக்கும் பார்த்துவிடுங்கள், மாப்பிள்ளை பார்க்கணும்' என்பார்கள். பெரியவரான பிறகே வரும், தடுக்க மருந்தில்லாத நோய்க்கு 18க்குக் கீழே பரிசோதிப்பதில்லை. 18க்கு மேல் அவளே வந்து, தனியாக உட்கார்ந்து பேசி, வேண்டுமா வேண்டாமா என்று அவளே சொல்ல வேண்டும். மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கத் தனிச்சட்டம் இங்கே இல்லை. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொலஸ்டனால் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அம்மாவுக்கு அது ஏறியிருந்தால் மகளுக்கு மறுநாளே பாருங்கள்.