ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று: உங்கள் வண்டியில் என்ன கோளாறு இருந்தது?

குன்னூரிலிருந்து:

சென்னையில் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். பன்னிரண்டு வயது வண்டி. ஏ.சி., பிரேக், டயர் எல்லாவற்றையும் சோதித்தேன். ஹீட்டரைப் போட்டுப் பார்க்கவில்லை. சென்னை வெயிலில் நின்றுகொண்டு யாருக்கு அது தோன்றும்?

ஜனவரியில் ஒரு விடியற்காலை ஊட்டிக்குக் கிளம்பினோம். புல்வெளியெல்லாம் உப்பைத் தூவியது போல உறைபனி. குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி அரைமணி நேரம் ஓட்டியும், ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்தது போலத்தான் காற்று வந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட மனைவி, "இதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதுமே" என்றாள்.

பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமா எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். "ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது தம்பி. எஞ்சினைச் சுற்றி வரும் சுடுதண்ணீர்தான் உள்ளே கோர் என்ற ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போகிறது, விசிறி அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. எஞ்சின் சூடேறியதும் உள்ளே போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார். இரண்டும் சுட்டால் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது, கோளாறு டேஷ்போர்டுக்குள். ஒன்று மட்டும் சுட்டால் அடைப்பு. இரண்டும் சுடவில்லையென்றால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், குறைவு, இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் வால்வு" என்றார்.

தொடலாம் என்று பானெட்டைத் திறந்தால் அந்தக் குழாய்களே இல்லை! எஞ்சினிலிருந்து கிளம்பிய குழாய் ஒன்று அப்படியே வளைந்து எஞ்சினுக்கே திரும்பியிருந்தது. விற்றவரைப் பிடித்துக் கேட்டேன். எப்போதோ கோர் ஒழுகி முன்னிருக்கைக்குக் கீழே தரைவிரிப்பு நனைந்ததாம். "இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு சார்" என்று அங்கிருந்த மெக்கானிக் இணைப்பையே துண்டித்துவிட்டாராம். ஆக, கோர் மாற்றத்தான் வேண்டியிருந்தது. பார்க்காமல் சொன்ன பட்டறைக்காரர் சொன்னதே சரியாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

கோரை மாற்றிய பிறகும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. வெப்பமானியின் முள் பாதிக்கு வரவே வராது. இறக்கத்தில் இன்னும் கீழே போய்விடும். மாமா தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஒன்றுமே இல்லை! எஞ்சின் சூடு 82 முதல் 90 டிகிரியை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைப்பது அந்தச் சின்ன வால்வுதான். சமவெளியில் வண்டி அதிகமாகச் சூடாகிறது என்று அதைப் பிடுங்கி எறிவது சில மெக்கானிக்குகளின் வழக்கம். இங்கே குளிரில் தண்ணீர் சூடாவதற்குள் ரேடியேட்டர் ஆற்றிவிடுகிறது. கோருக்கு ஆன செலவோடு பார்த்தால் வால்வு சில்லறைக் காசு. போட்ட அன்றே முள் நடுவில் வந்து நின்றது.

கனடா, ஸ்கார்பரோவிலிருந்து:

எனக்கு வந்தது வேறு மாதிரி. 401 நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நல்ல சூடு, சிக்னலில் நின்றால் குளிர். வெளியே மைனஸ் 18. டேஷ்போர்டுக்குப் பின்னால் குடத்தில் தண்ணீர் தளும்புவது போன்ற சத்தம் வேறு. கூலன்ட் குறைந்து, கோரில் காற்று புகுந்திருந்தது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் பம்ப் எப்படியோ தள்ளிவிடும், மெதுவாக ஓடினால் தள்ளாது.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். (சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.) சரிவான பாதையில் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, கூலன்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. கால்மணி நேரத்தில் அனல் வீசியது.

மூன்று வாரத்தில் மறுபடியும் குளிர். கூலன்ட் ஆவியாகப் போய்விடுவதில்லை, எங்கோ ஒழுகத்தான் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் தண்ணீர் பம்பின் அடியில் உலர்ந்த கறை இருந்தது. பம்பை மாற்றியபின் இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது.

குன்னூர் அண்ணாவுக்கு ஒன்று: இங்கே சுத்தமான தண்ணீரை மட்டும் ஊற்றினால் அது உறைந்து எஞ்சினையே வெடிக்க வைக்கும். கூலன்டையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் பூனை, நாய் நக்கும். நக்கினால் பிழைப்பது கடினம்.

கொடைக்கானலிலிருந்து:

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். என் வண்டியில் இரண்டு குழாயும் கை வைக்க முடியாத சூடு, காற்று மட்டும் குளிர். சாவியைத் திருப்பும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம். காற்றைச் சூட்டுப் பக்கமோ குளிர்ப் பக்கமோ திருப்பிவிடும் உள்கதவை இயக்கும் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருந்தது. கையுறைப் பெட்டியைக் கழற்றினால் எட்டிவிடும் இடம். அரைமணி நேர வேலை.

குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளும் எங்கள் ஸ்டாண்டுக்கு வரும். துரு படிந்து கோர் அடைத்துவிடும். ஒரு குழாய் சுடும், மற்றது சுடாது. இரண்டையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயால் மெதுவாக உள்ளே விடுவோம். வேகமாகவிட்டால் பழைய கோர் பிளந்துவிடும். முதலில் டீ நிறத்தில் வரும், தெளியும்வரை விட வேண்டும். ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் ஊற்றும் மருந்தை வாங்காதீர்கள். அது முதலில் அடைப்பது ஹீட்டர் கோரைத்தான்.

மீண்டும் குன்னூரிலிருந்து:

டீ நிறம் என்றதும் நினைவுக்கு வந்தது. என் வண்டியிலும் வெறும் தண்ணீர்தான் இருந்தது, அதே நிறத்தில். எல்லாவற்றையும் வடித்துவிட்டுக் கூலன்ட் நிரப்பியிருக்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடியும் ஊட்டி. மனைவி போர்வையை எடுத்து வைத்தாயிற்று.