கிங், ருவா, ருவா டி தெஜார்தான்: மூன்றும் ஒரே ஆளா?

மசாசூசெட்ஸ் மருமகள்:
என் கணவர் வீட்டுக் குடும்பப்பெயர் கிங். ஆங்கிலேய வம்சம் என்றுதான் நினைத்திருந்தேன். மாமனார் சொல்வதைப் பார்த்தால், 1890களில் கனடாவின் கியூபெக்கிலிருந்து இங்கே லோவெல் ஊர்ப் பஞ்சாலைக்கு வேலைக்கு வந்தவர்களாம். அமெரிக்கக் குடிக்கணக்கில் கொள்ளுத்தாத்தா பெயர் கிங். லோவெல் பிரெஞ்சுத் தேவாலயத்தில் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் ருவா. கியூபெக் பதிவேட்டில் அதே முதல் பெயர், அதே வயதில் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் "ருவா டி தெஜார்தான்". இவர் நம் ஆள்தானா? கொள்ளுப்பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயரும் தெரியவில்லை, எங்கு பார்த்தாலும் மேரி கிங்தான்.

பார்க் எக்ஸ் வாசி:
ருவா என்றால் ராஜா, அதனால் அமெரிக்காவில் கிங் ஆகிவிட்டார்கள். லெப்லான் வைட் ஆனதும் புவாவேர் கிரீன்வுட் ஆனதும் இப்படித்தான். நடுவில் வரும் "டி" என்பதை "அழைக்கப்படும்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1665இல் பிரான்சிலிருந்து கனடாவுக்கு வந்த கரிஞான் சாலியேர் என்ற படையில் சிப்பாய்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது வழக்கம், அதில் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. தெஜார்தான் கிளையே அந்தப் படையில் வந்த அந்துவான் ருவா என்ற பீப்பாய்த் தொழிலாளியிலிருந்து தொடங்குவதுதான் (மனிதர் 1684இல் லஷீனில் கொலையுண்டார், அது தனிக்கதை). ஒரே வீட்டில் அண்ணன் ருவா, தம்பி தெஜார்தான் என்றுகூட இருப்பார்கள். அதனால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

கொள்ளுப்பாட்டிக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கியூபெக் கத்தோலிக்கப் பதிவுகளில் பெண்ணைச் சாகும்வரை பிறந்தவீட்டுப் பெயரிலேயே எழுதுவார்கள், லோவெலுக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார்களும் பெரும்பாலும் அப்படியே செய்தார்கள். அந்த ஞானஸ்நானப் பதிவை மறுபடி எடுத்துத் தாய் பெயரைப் பாருங்கள்.

பழைய ஏடு:
மேலே சொன்னது சரி, ஆனால் பெயர் பொருந்துகிறது என்று மட்டும் நம்பி ஒட்டிவிடாதீர்கள் அக்கா. ருவா என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல வம்சங்கள் உண்டு. அதோடு ஆண் குழந்தை என்றால் ஜோசப், பெண் என்றால் மேரி என்று முன்னால் சேர்த்துவிடுவார்கள், முதல் பெயரும் துணைக்கு வராது. கல்யாணப் பதிவுதான் சாவி. மாப்பிள்ளை, பெண் இருவரின் தாய் தந்தை பெயரும் அதில் இருக்கும், அதைப் பிடித்து ஒவ்வொரு தலைமுறையாக 1600கள் வரை ஏறலாம். ஒன்று மட்டும் கவனம்: மறுமணம் என்றால் பெற்றோர் பெயருக்குப் பதிலாக இறந்த துணையின் பெயரை எழுதியிருப்பார்கள், அப்போது முதல் கல்யாணத்தைத் தேட வேண்டும்.

ட்ரூவான் என்ற கியூபெக் தேவாலயப் பதிவேடுகளின் தொகுப்பில் பதிவேட்டுப் படங்களே கிடைக்கும். 1679 முதல் இரண்டு பிரதி எழுத வேண்டும் என்ற விதி இருந்ததால், கோயில் எரிந்த ஊர்களிலும் மற்றப் பிரதி பிழைத்திருக்க வாய்ப்புண்டு. இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தை நகலெடுக்க மட்டும் வேண்டாம், தப்பு ஆயிரம் மரத்துக்குப் பரவியிருக்கும்.

மசாசூசெட்ஸ் மருமகள்:
பார்த்தேன்! தாய் பெயர் "மாரி ஊதோன்". இதைத்தான் இத்தனை நாள் தகப்பன் பெயரை மட்டும் படித்துத் தாண்டியிருக்கிறேன். டிஎன்ஏ பரிசோதனை செய்தால் சீக்கிரம் முடியுமா?

பார்க் எக்ஸ் வாசி:
அதை நம்பி இறங்காதீர்கள். கியூபெக் பிரெஞ்சுக்காரர்கள், சில ஆயிரம் குடியேறிகளின் சந்ததி, தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்ததால், எட்டாம் தலைமுறை உறவும் நாலாம் தலைமுறை போலக் காட்டும். ஊதோன் என்றால் ஊதோன் டி போல்யு கிளையாக இருக்கலாம், போல்யு என்ற பெயரிலும் பாருங்கள். ருவா, ஊதோன் ஜோடியின் கல்யாணத்தை முதலில் லோவெலில் தேடுங்கள், இல்லாவிட்டால் பெண்ணின் ஊர்த் தேவாலயத்தில்; கல்யாணம் பொதுவாக அங்குதான் நடக்கும்.

பழைய ஏடு:
கிடைத்தால் பதிவின் படத்தை இங்கே போடுங்கள். பாதிரியார் கையெழுத்து புரியாவிட்டால் சேர்ந்து படிக்கலாம், தேதியைக்கூட எண்ணில் போடாமல் எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள்.