ஃபைனான்ஸ் வேலையும் காலேஜ் மார்க்கும்: உங்களுக்கு என்ன நடந்தது?

நானே ஆரம்பிக்கிறேன். என் ஜிபிஏ, அதாவது காலேஜ் மார்க்கின் சராசரி, 4-க்கு 2.9. ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்குக்கு ராத்திரி ஒரு மணிக்கு விண்ணப்பம் போட்டேன். பதினோரு நிமிஷத்தில் "வருந்துகிறோம்" என்று மெயில். அந்நேரத்தில் எந்த மனுஷன் உட்கார்ந்து என் ரெஸ்யூமைப் படித்திருப்பான்? இப்படியே வரிசையாக அடி.

கடைசியில் காலேஜ் சீனியர் ஒருத்தர் என் ரெஸ்யூமை அவர் டீம் ஹெட்டிடம் நேராகக் கொடுத்தார். இன்டர்வியூவில் முதல் கேள்வி: "தேய்மானச் செலவு 10 கூடுகிறது, வரி 40 சதவீதம். கையில் இருக்கும் பணம் என்ன ஆகும்?" வரியில் 4 மிச்சமாவதால் லாபம் 6 மட்டும் குறையும். தேய்மானத்துக்குப் பணம் வெளியே போகாததால் அந்த 10-ஐத் திரும்பக் கூட்டணும், ஆக பணம் 4 கூடும் என்றேன். அப்புறம்தான் மார்க்‌ஷீட்டைப் புரட்டி, "மூணாவது செமஸ்டரில் என்ன ஆச்சு?" என்றார். சாக்குச் சொல்லாமல், "படிக்கலை சார், அடுத்த செமஸ்டரைப் பாருங்க" என்றேன். பார்த்தார். வேலை கிடைத்தது.

*

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். அறுநூறு ரெஸ்யூமைக் கையில் கொடுத்து, சாயங்காலத்துக்குள் முப்பதாக்கு என்றார்கள். எக்ஸெல்லில் 3.5-க்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்தேன். 3.4 வாங்கியவன் மக்கு என்று நினைத்தா செய்தேன்? எனக்கு இருந்தது ஒரே மத்தியானம். யாராவது சொல்லி அனுப்பிய ரெஸ்யூம்களை மட்டும் முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நியாயமா என்றால், இல்லைதான்.

ஒரு பையன் 3.38-ஐ 3.5 என்று போட்டிருந்தான். ஆஃபர் கையில் வாங்கியபிறகு மார்க்‌ஷீட் சரிபார்ப்பில் மாட்டினான். உள்ளதைப் போட்டிருந்தாலும் வந்திருப்பான், ஏனென்றால் அவனுக்கு சிபாரிசு இருந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

*

குவான்ட் பக்கம், அதாவது கணிதத்தை வைத்து முதலீடு பார்க்கும் வேலையில், கதை வேறு. மொத்த ஜிபிஏவை யாரும் சீண்டவில்லை. நிகழ்தகவிலும் நேரியல் இயற்கணிதத்திலும் என்ன கிரேடு என்று மட்டும் கேட்டார்கள். பிறகு ஒரு மணி நேரம் பகடைக் கணக்கு.

*

குறைந்த மார்க்கை ஈடுகட்ட, முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ தேர்வில் முதல் லெவல் எழுதினேன். 180 கேள்வி, ஆபீஸ் முடிந்து வந்து மாதக்கணக்கில் படிப்பு. பேங்கிங் பக்கம் கதவு திறக்கவே இல்லை. கம்பெனிப் பங்குகளை அலசும் ஈக்விட்டி ரிசர்ச் வேலைக்கான இன்டர்வியூவில் மட்டும் பலித்தது: மார்க் பேச்சு வந்ததுமே, "அதான் லெவல் ஒன் முடிச்சிட்டீங்களே" என்று தாண்டிப் போய்விட்டார்கள்.

*

நான் 3.9. கூப்பிடாத இடம் இல்லை. ஆறு இடத்தில் கடைசி ரவுண்டு வரை போய் ஆறிலும் அவுட். "சமீபத்தில் நடந்த ஒரு கம்பெனி கையகப்படுத்தல் பற்றிச் சொல்லுங்க" என்றால் முழிப்பேன். பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒன்றும் படித்ததில்லை. ஏழாவது இடத்துக்குப் போகும்முன் ஒரு மாதம் தினம் வணிகச் செய்தி படித்தேன், அவ்வளவுதான்.

இப்போது ஆறு வருஷ அனுபவம். போன மாதம் வேலை மாறினேன், மார்க்கைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆன்லைன் படிவம் மட்டும் ஜிபிஏ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விட மாட்டேன் என்றது.