அம்மைக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80. லூபஸா?

தக்கலைப்பொண்ணு:
அம்மைக்கு 51 வயசு. ரெண்டு மாசமா காலையில எழும்பினா விரல் முட்டெல்லாம் வலி, தேங்கா துருவ முடியல்ல. டாக்டரப் பாக்காமலே மார்த்தாண்டத்துல ஒரு லேப்ல மூட்டுவலி பேக்கேஜ் எடுத்தோம். ஏ.என்.ஏ., அதாவது நம்ம செல்லையே எதிர்க்குற ஆன்டிபாடி, பாசிட்டிவ், 1:80, ஸ்பெக்கிள்டு (புள்ளி புள்ளியா). முடக்குவாதத்துக்குப் பாக்குற ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். போன்ல தேடினா லூபஸ், நம்ம எதிர்ப்புச் சக்தியே உடம்பத் தாக்குற நோய், கிட்னி போயிரும்னு வருது. ராத்திரி உறக்கமே இல்ல. அம்மைகிட்ட இன்னும் சொல்லல்ல. தைராய்டு மாத்திரை 9 வருஷமா சாப்பிடுதாவ.

நாகர்கோவில்_லேப்:
மக்ளே, 14 வருஷமா இந்த ஸ்லைடு பாக்கேன். ரத்தத்துல உள்ள சீரத்த 80 மடங்கு நீர்த்து, ஹெப்-2ன்னு லேப்ல வளத்த மனுஷ செல் ஒட்டின ஸ்லைடுல விடுவோம். ஆன்டிபாடி இருந்தா செல்லோட நியூக்ளியஸ்ல போய் ஒட்டும். மேல பச்சையா ஒளிரும் சாயம் சேத்து, இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்ல பாப்போம். அப்புறம் 160, 320, 640னு நீர்த்துக்கிட்டே போவோம். கடைசியா எதுல மின்னுதோ அதுதான் டைட்டர். அம்மைக்கு முதல் படியிலேயே நின்னுட்டு.

80ல மங்கலாத்தான் தெரியும். பக்கத்துல உள்ளவரக் கூப்பிட்டு "உனக்குத் தெரியுதா"ன்னு நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். எந்த நோயும் இல்லாதவங்கள்லயே நூத்துக்கு ஏறத்தாழ 13 பேருக்கு 1:80 வரும். தைராய்டு உள்ளவங்களுக்கு இன்னும் அதிகம். இதையே திரும்ப எடுத்துக் காச அழிக்காதீங்க.

எனக்கு உறுத்துறது வேற. அந்தப் பேக்கேஜ்ல முடக்குவாதத்துக்குப் பாக்குற இன்னொரு டெஸ்டு, ஆன்டி சி.சி.பி., இல்லியே? ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவா இருந்தும் முடக்குவாதம் வரலாம். காலையில விறைப்பு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாருங்க.

குளச்சல்_அக்கா:
என் தங்கச்சிக்கு லூபஸ்தான். அவளுக்கு 1:1280, லூபஸுக்குன்னே பாக்குற டி.எஸ். டி.என்.ஏ. டெஸ்டும் பாசிட்டிவ். ஆனா அதுக்கு முன்னமே வெயில்ல போனா கன்னம் செவக்கும், வாய்ப்புண்ணு, கால்வீக்கம். டாக்டர் முதல்ல கேட்டது மூத்திரத்துல புரோட்டீன் போகுதான்னுதான். அம்மைக்கு இதுல ஏதாவது உண்டா? தங்கச்சி இப்போ ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை சாப்பிடுதா, அது கண்ணப் பாதிக்கலாம்னு வருஷாவருஷம் கண்ணு செக்கப் போவா. நல்லா இருக்கா. ஒளிக்காம அம்மைகிட்ட சொல்லிருங்க.

தக்கலைப்பொண்ணு:
அக்கா சொன்னது ஒண்ணும் அம்மைக்கு இல்ல. இன்னைக்குக் காலையில பக்கத்துலயே இருந்து பாத்தேன். அஞ்சரைக்கு எழும்பினாவ, விரல மடக்கி டம்ளரப் பிடிக்க ஆறேமுக்கால் ஆச்சு. ரெண்டு கையிலயும் நடு முட்டு வீங்கியிருக்கு. இத்தன நாளும் நான் பாக்கவே இல்ல.

நாகர்கோவில்_லேப்:
நாளைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போங்க. பேப்பரக் காட்டுறதுக்கு முன்ன அந்த ஒண்ணேகால் மணி நேரத்தச் சொல்லுங்க.