தெமோதரை வளையம், 45 விளக்குகள்: தண்டவாள மின்சாரமா, தனி வயரா?

தெமோதரைப் பிரியன்
எட்டு அடிக்கு நான்கு அடிப் பலகையில் இலங்கை மலைநாட்டின் தெமோதரை ரயில் வளையத்தை எச்ஓ அளவில் (உண்மையில் 87இல் ஒரு பங்கு) மாதிரியாகக் கட்டி வருகிறேன். மேலே நிலையம், அதற்கு நேர் கீழே சுரங்கம். ரயில் சுற்றி இறங்கி, தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே நுழைகிறது. எஞ்சின்கள் டிசிசியில் (தண்டவாள மின்சாரத்தோடே ஒவ்வொரு எஞ்சினுக்கும் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) ஓடுகின்றன. தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் 3 ஆம்பியர். நிலையம், தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வரிசை, தேயிலைத் தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் 45 வெள்ளை எல்இடி. தண்டவாளத்துக்குப் போகும் வயரிலேயே இவற்றையும் இணைத்துவிடலாமா?

பதுளைக் கோச்சி
தாராளமாக இணைக்கலாம் தம்பி. பழைய டிசி முறையில் எஞ்சின் நின்றால் தண்டவாளத்தில் மின்சாரமும் இராது, விளக்கும் அணைந்துவிடும். டிசிசியில் ரயில் ஓடினாலும் நின்றாலும் 15 வோல்ட் அளவில் எப்போதும் இருக்கிறது. ஒரு எல்இடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதைக் காக்க அதன் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டயோட், வேறொன்றும் வேண்டாம். மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுவதால் மினுங்கலும் கண்ணுக்குத் தெரியாது. என் பலகையில் மூன்று வருடமாக இப்படித்தான் எரிகிறது.

ஹட்டன் ரேடியோக்கடை
எரியும், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு வீணாகிறது என்று பார்த்தீர்களா? எல்இடி எரியும் பாதியில் 12 மில்லியாம்பியர். மறு பாதியில் அந்தக் காவல் டயோட் வழியாக 14 மில்லியாம்பியர், முழுவதும் ரெசிஸ்டரில் சூடாகவே போகிறது. 45 விளக்குக்குக் கிட்டத்தட்ட 0.6 ஆம்பியர். பூஸ்டரில் ஐந்தில் ஒரு பங்கு! தேயிலைக் கொழுந்து ஏற்ற வந்த லொறியில் விறகை ஏற்றினால் கொழுந்தை எதில் அனுப்புவது? தனியாக 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள். மூன்று எல்இடியைத் தொடராக இணைத்து ஒரு 330 ஓம் போட்டால் 9 மில்லியாம்பியர். பதினைந்து தொடருக்கும் சேர்த்து 135 மில்லியாம்பியர்தான்.

பதுளைக் கோச்சி
டயோட் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி, நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் திசை மாறும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்றை வைத்துவிட்டால் தண்டவாள வயரிலும் 13.6 வோல்ட் நேர்மின்சாரம் கிடைக்கிறதே! மூன்று மூன்றாகத் தொடரலாம், அதே சிக்கனம்தான். பிறகு எதற்கு இன்னொரு சோடி வயர்? இரண்டு தட்டுப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சாலிடர் செய்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஹட்டன் ரேடியோக்கடை
சிக்கனத்தைச் சரிசெய்துவிட்டீர்கள். ஷார்ட்டை என்ன செய்வீர்கள்? சுரங்கத்துக்குள் பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேல் ஒரு பெட்டி தடம் புரண்டால் பூஸ்டர் துண்டித்துக்கொள்ளும். ரயிலோடு ஊர் முழுவதும் இருட்டாகிவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டில் கிடந்தோம். அந்த இருட்டைப் பலகையிலும் கொண்டுவர எனக்கு மனம் வராது. தனி 12 வோல்ட் என்றால் மின்வெட்டிலும் ஒரு பேட்டரியை மாட்டி லயன் விளக்குகளை எரிய வைக்கலாம். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவது அந்த விளக்குகளைத்தானே.

நானுஓயா மூடுபனி
ரயில் பெட்டியின் உள்விளக்கை இருவருமே மறந்துவிட்டீர்கள். ஓடும் பெட்டிக்கு ஹட்டன் அண்ணனின் வயர் எட்டாது. அது தண்டவாளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஈரத்தில் தண்டவாளமும் சக்கரமும் அழுக்கேறிப் பெட்டி விளக்கு விட்டுவிட்டு எரியும். பிரிட்ஜுக்குப் பிறகு 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் போட்டேன், நின்றது. ஆனால் எட்டுப் பெட்டியிலும் போட்டுவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் பூஸ்டர் உடனே துண்டித்துக்கொண்டது. எல்லாக் கப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் இழுப்பதை அது ஷார்ட் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தொடராக 100 ஓம் வைத்து, கப்பாசிட்டரிலிருந்து வெளியேறும் மின்சாரத்துக்கு அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு டயோட் கொடுத்த பிறகுதான் சரியானது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது தம்பி, உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தெமோதரைப் பிரியன்
மிக்க நன்றி அக்கா. பெட்டிகளுக்கு நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். கட்டடங்களுக்குத் தனி வயர் இழுக்கிறேன். வீட்டில் ஒரு 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் சும்மா கிடக்கிறது.

ஹட்டன் ரேடியோக்கடை
நல்லது தம்பி. அடாப்டரின் எதிர்முனையைத் தண்டவாள வயர் எதனுடனும் சேர்க்காதீர்கள். இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். வயருக்கு வேறு நிறம் வையுங்கள், பலகைக்கு அடியில் கை தடுமாறாது.

பதுளைக் கோச்சி
கட்டடங்களுக்குத் தனி வயர் தேவை என்பதை இன்னும் நான் ஏற்கவில்லை. ஆனால் தம்பி, மேல் நிலையத்தின் பெயர்ப்பலகை விளக்கு ஒன்றையாவது தண்டவாள வயரில் விட்டுவையுங்கள். மற்றவை எரியும்போது அது மட்டும் அணைந்தால், பூஸ்டர் துண்டித்துக்கொண்டது என்று பார்த்தவுடனே தெரியும்.

ஹட்டன் ரேடியோக்கடை
அந்த ஒன்றை நானும் வைப்பேன். பிரிட்ஜோடு.